வேலை காத்திருக்கும் இடம்

அவள் இருந்தவரை, அவளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். "டாக்டர் மாதிரிதான், ஆனா மருந்து எழுதமாட்டா" என்பாள் அம்மா. "மத்தவங்க கம்பெனிக்குப் போய் உக்காந்துட்டு வருவாங்க" என்பாள் மகள். கணவர் பல் கட்டுபவர். வீட்டின் முன்னறையே அவருடைய பட்டறை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு நாள் முழுக்க யார் யாருடைய வாயையோ உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருப்பார். அவர் சொல்வது: "நான் பல்லு செஞ்சா அதை மாட்டிக்கிட்டுக் கடிக்கலாம். இவ செய்யறதைக் கொண்டுபோய் எங்க மாட்டுறது?"

அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள். ஆலோசகர் என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்களுக்கு ஒரு சிரிப்பு வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். தொழிற்சாலையிலோ கிடங்கிலோ மருத்துவமனையிலோ வேலைகள் தாமதமாகும்போது, ஏன் தாமதம் என்று உள்ளே இருப்பவர்களுக்கே பிடிபடாதபோது, அவளைக் கூப்பிடுவார்கள். அவள் போய்ப் பார்த்துக் காரணத்தைச் சொல்வாள். அவ்வளவுதான் வேலை.

முன்பு பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருந்தாள். கம்பெனி கைமாறியபோது அந்தப் பிரிவையே தூக்கிவிட்டார்கள். வேறு வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், கூடப் படித்தவள் ஒருத்தி தன் கண் மருத்துவமனைக்கு வந்து பார்க்கச் சொன்னாள். நோயாளிகள் காலையில் வந்தால் சாயங்காலம்தான் வீடு திரும்புகிறார்கள், வாசலில் தினமும் சண்டை. அவள் போனாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைக்கும் பெஞ்சில், நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் அறைப் பக்கம் போகவே இல்லை. மருந்து விட்டவர்களையும் விடாதவர்களையும் ஒரே பெஞ்சில் உட்காரவைப்பதால், நர்ஸ் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விசாரிக்கவேண்டியிருக்கிறது என்று கண்டுபிடித்தாள். பெஞ்சை இரண்டாக்கினார்கள். சண்டை குறைந்தது. அங்கிருந்து வாய்வழியாகவே பேர் பரவியது.

அவளுடைய முறை கடைசிவரை அதுதான். போன இடத்தில் முதலில் ஒரு நாற்காலி கேட்பாள். அதை வேலை நடக்கும் இடத்தில் போடமாட்டாள். வேலை நடக்கும் இடத்தில் யாரைப் பார்த்தாலும் கையும் காலும் பறந்துகொண்டுதான் இருக்கும். வேலை காத்திருக்கும் இடத்தில் போட்டு உட்காருவாள். அச்சகம் என்றால் அட்டை போடாத புத்தகங்கள் அடுக்கியிருக்கும் மூலையில். மரக்கடை என்றால் வார்னிஷ் காய்கிற வராந்தாவில். டீ வந்தால் குடிப்பாள், யாராவது பேசினால் பேசுவாள். முதல் சில நாட்களுக்கு வாயிலிருந்து ஒரு யோசனையும் வராது. "மேடம் என்ன, தூங்குறாங்களா?" என்று முதலாளி உள்ளே கேட்பது காதில் விழுந்தாலும் நகரமாட்டாள்.

இன்னொன்றும் உண்டு. யாரைப் பற்றியாவது குறை சொல்ல வேண்டியிருந்தால், அதை முதலில் அந்த ஆளிடம்தான் தனியாகச் சொல்வாள். பிறகுதான் முதலாளிக்கு. நாலு பேர் முன்னால் ஒருவர் முதன்முதலாகத் தன் குறையைக் கேட்கும்படி விட்டால், அதற்கப்புறம் அந்த ஆளிடமிருந்து ஓர் உண்மையும் வராது என்பாள். சொந்தக்காரர்களின் தொழிலில் கை வைப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அது பட்டுத் தெரிந்தது. கணவரின் ஒன்றுவிட்ட தம்பிக்கு ஒருமுறை உதவப்போய், அதன்பின் அந்தக் குடும்பத்தார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வியாதியை விவரிப்பதுபோல் கடையை விவரித்தார்கள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதில்லை.

அந்த விதியை அக்காவுக்காகத்தான் உடைத்தாள்.

அக்கா ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள். அக்கா அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கினால் மனசில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. உங்க அத்தான் வீட்டை வச்சு லோன் போடப்போறார்."

அத்தானுக்குத் துணி வெளுக்கும் தொழிற்கூடம் இருந்தது. சாதாரண சலவையகம் இல்லை, பெரிய மருத்துவமனை ஒன்றின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி எல்லாம் அங்கேதான் வரும். கொஞ்ச நாளாகவே வார்டுகளுக்குத் துணி தாமதமாகப் போய்க்கொண்டிருந்தது. இப்படியே போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. இயந்திரம் போதவில்லை, இன்னொரு பெரிய இயந்திரமும் அதற்கு ஒரு கொட்டகையும் வேண்டும் என்பது அத்தானின் முடிவு. வங்கியோ வீட்டை அடமானமாகக் கேட்டது. கூடவே, இயந்திரம் தேவைதான் என்று ஓர் ஆலோசகரின் அறிக்கையும் வேண்டுமாம்.

"அதுக்கு உன்னைத்தான் கூப்பிடப்போறார். வீட்டுலயே ஆலோசகரை வச்சுக்கிட்டு வெளிய எதுக்குத் தேடணும்னு ஒரே குஷி. நீ போடி. போய்ப் பாத்துட்டு, மிஷின் வேணாம்னு எழுதிக் குடுத்துடு."

"பாக்காமலேயா?"

"பாத்துட்டுத்தான் எழுது. ஆனா வேணாம்னு எழுது." அக்கா குழாயை மூடினாள். "அந்த வீட்டுல ஒவ்வொரு ஜன்னலும் நான் நின்னு வைக்கச் சொன்னதுடி. நாளைக்கு இந்த ஆஸ்பத்திரி கைவிட்டுட்டா, மிஷினை வச்சுக்கிட்டு யார் துணியைத் துவைக்கிறது? வீடும் போயிடும்."

"மிஷின் நிஜமாவே வேணும்னு இருந்தா?"

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அப்போ வேணும்னு எழுது" என்றாள். "ஆனா நல்லாப் பாரு."

அவள் போனாள். அத்தான் வாசலிலேயே நின்றிருந்தார். "வாம்மா ஆலோசனை!" என்று கட்டடமே திரும்பிப் பார்க்கிறமாதிரி கூப்பிட்டார். மனிதர் எப்போதும் அப்படித்தான், குரலும் பெரிசு, மனசும் பெரிசு.

கூடம் நீளமானது. நடுவில் குறுக்காக ஒரு சுவர். சலவை இயந்திரங்கள் அந்தச் சுவரிலேயே பதிந்திருந்தன, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய். அழுக்குத் துணி இந்தப் பக்கம் உள்ளே போகும், வெளுத்த துணி அந்தப் பக்கம் வெளியே வரும். ஒன்றோடொன்று சந்திக்கவே சந்திக்காது. வெளுத்ததைக் காயவைத்து, சூடான உருளைக்கு நடுவே விட்டு நீவி, மடித்து, வாசல் பக்கம் வரிசையாக நிற்கும் தள்ளுவண்டிகளில் அடுக்குவார்கள். வார்டுக்கு ஒரு வண்டி. விரிப்பு, உறை, அங்கி, துண்டு எல்லாம் கணக்காக நிறைந்த பிறகுதான் வண்டி லாரியில் ஏறும். ஒரு சாமான் குறைந்தாலும் நிற்கும்.

வண்டிகள் நிற்கும் இடத்தைப் பார்த்ததுமே அவளுக்குக் கால் அங்கே போனது. "அத்தான், எனக்கு இங்க ஒரு ஸ்டூல் போதும்."

"நல்லா இருக்கே! என் மச்சினி வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்தா, நாலு பேர் என்னைத்தான் கேப்பாங்க. மேல வா, ஏசி போட்டு வச்சிருக்கேன்."

மேலே அத்தானின் கண்ணாடி அறை. அங்கிருந்து பார்த்தால் கூடம் முழுக்கத் தெரியும். சொந்தத்தில் வேலை எடுத்தால் முதலில் பறிபோவது நாற்காலி என்று நினைத்துக்கொண்டு ஏறினாள். அந்த வாரம் முழுக்க அத்தான் அவளோடேயே உட்கார்ந்திருந்தார். இயந்திரப் படங்களைக் காட்டினார். தொழில் தொடங்கிய காலத்துக் கதைகளைச் சொன்னார். மச்சினி முக்கியமான வேலையாக வந்திருக்கிறாள் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். கீழே கூடத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டவள், எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடும் ஓர் ஒல்லியான பெண்மணி.

வேடிக்கை என்னவென்றால், அந்த வாரம் வண்டிகள் எல்லாம் நேரத்துக்குப் போயின. ஒன்றுகூட நிற்கவில்லை.

"பாத்தியா, நீ வந்த ராசி!" என்றார் அத்தான்.

அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மேலேயிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்றால், இயந்திரம் போதும், கண்காணிப்புத்தான் போதவில்லை. அப்படியென்றால் பெரியக்காவின் கை தளர்ந்திருக்கிறது. இயந்திரம் வேண்டாம், வீடும் தப்பியது. அக்கா ஆசைப்பட்டதும் இதைத்தானே. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அறிக்கையின் வாசகங்கள் தானாக வந்து விழுந்தன. இவ்வளவு சுலபமாக விழுகிறதே என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

ஆனால் பெரியக்காவைப் பற்றிய குறை என்றால், முதலில் பெரியக்காவிடம் தனியாகச் சொல்லியாக வேண்டும். அடுத்த வாரம் போனவள், மாடிப்படி ஏறாமல் நேரே கீழே வண்டிகளுக்கு நடுவே போய் நின்றாள்.

"உங்ககிட்டக் கொஞ்சம் பேசணும் பெரியக்கா."

"பேசுங்க மேடம். கை மட்டும் வேலையைப் பாக்கட்டும்" என்று துண்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள் அவள்.

எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் மேலே போன் அடித்தது. மறு நிமிடம் அத்தான் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார். "பெரியக்கா, பிரசவ வார்டு நர்ஸ் அழாத குறையாப் பேசுது. பத்து விரிப்பு உடனே வேணுமாம். இதோ, இதுலேருந்து எடுத்துக் குடுத்துடுங்க, பாவம்." லாரியில் ஏறத் தயாராக இருந்த ஒரு வண்டியிலிருந்து அவரே எடுத்தும் கொடுத்தார். மச்சினியைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துவிட்டு மேலே போனார்.

பெரியக்கா விரிப்பு குறைந்துபோன வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன், மறுபடி படிச்சத்தம். இந்த முறை எலும்பு வார்டுக்கு அங்கி. அதைக் கொடுக்க இன்னொரு வண்டி குறைந்தது. குறைந்ததை நிரப்ப, நீவிக்கொண்டிருந்த துணியை நிறுத்திவிட்டு வேறு துணியை உருளையில் விட்டார்கள். பிற்பகலில் பார்த்தால் சுவரோரம் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட எல்லாமும் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று மட்டும் இல்லை. இனி ஒவ்வொரு வார்டிலிருந்தும் போன் வரும். ஒவ்வொரு போனுக்கும் மனிதர் இறங்கி வருவார்.

"எப்பவும் இப்படித்தானா?"

"முதலாளி தங்கமான மனுஷர் மேடம்" என்றாள் பெரியக்கா. "கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்லவே தெரியாது." அந்தக் குரலில் குறையே இல்லை. அதனால்தான் இத்தனை நாள் யாரும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை.

அவள் நிமிர்ந்து மேலே கண்ணாடி அறையைப் பார்த்தாள். போன வாரம் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாகத் தெரிந்தது. போன வாரம் அவள் கூடத்தைக் கண்காணிக்கவே இல்லை, அத்தானைத்தான் பிடித்துவைத்திருந்தாள். வேலை நன்றாக நடந்ததற்கு அதுதான் காரணம். தான் அளந்துபார்த்தது தன்னையேதான் என்று புரிந்ததும் முகம் சூடாகி, உடனே சிரிப்பும் வந்துவிட்டது. இந்தப் பெண்மணியின் தலையில் அல்லவா பழியைப் போட இருந்தோம்!

"ஏதோ பேசணும்னீங்களே மேடம்?"

"ஒண்ணுமில்ல பெரியக்கா. டீ எங்க கிடைக்கும்னு கேக்க வந்தேன்."

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவர், கையிலிருந்த கீழ்வரிசைப் பல்லைக் கீழே வைத்தார். "அக்கா வீட்டுக்காரர்கிட்டப் போய், இங்க வியாதியே நீங்கதான்னு சொல்லப்போறியா? சரி, உனக்கு ஒரு செட்டு தயார் பண்ணி வச்சுடறேன். முன்பல் வெள்ளையா வேணுமா, கொஞ்சம் மஞ்சளா வேணுமா?"

"சொல்லாம இருந்தா வீடு போயிடும்ங்க."

"சொன்னா வீடு இருக்கும், வீட்டுக்குள்ள உன்னை விடமாட்டார்."

அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனாலும் மறுநாள் அத்தானைக் கூடத்துக்குப் பின்னால், நீராவிக் குழாய்கள் இரைகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோனாள். அங்கே பேசினால் யார் காதிலும் விழாது. பூசி மெழுகாமல் சொன்னாள். துணி தாமதமாவது இயந்திரத்தால் இல்லை. ஒரு வண்டியிலிருந்து எடுத்து இன்னொரு வண்டிக்குக் கொடுப்பதால்தான். எடுத்துக் கொடுப்பது அவர்.

அத்தானின் முகம் சுருங்கிவிட்டது. "என் கம்பெனில நான் கீழ இறங்கக் கூடாதா?"

"இறங்கலாம் அத்தான். வண்டில கை வைக்கக் கூடாது."

"அவசரம்னு கேக்கறாங்கம்மா. ஆஸ்பத்திரி! நோயாளி கட்டில்ல விரிப்பு இல்லாமக் கிடந்தா?"

"அந்தக் கட்டிலுக்குப் போறது இன்னொரு கட்டிலோட விரிப்பு. அந்த இன்னொரு கட்டில் நர்சுக்கு உங்க நம்பர் தெரியல, அவ்வளவுதான்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "உங்க அக்கா சொல்லி அனுப்பினாளா?"

பொய் சொன்னால் தப்பித்துவிடலாம். "சொன்னா" என்றாள். "மிஷின் வேணாம்னு எழுதச் சொன்னா. அது நிஜம். அதுக்காக நான் இதைச் சொல்லல. என்னை நம்ப வேணாம், ஒரு வாரம் செஞ்சு பாருங்க. காலைல நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. வார்டு வார்டாப் போய் நாளைக்கு என்ன வேணும்னு நீங்களே கேளுங்க. உங்களை மாதிரி அவங்ககிட்டப் பேச இங்க வேற ஆள் இல்ல. வண்டி அப்படியும் நின்னா, மிஷின் வேணும்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

அவர் திரும்பிக் கூடத்துக்குள் நடந்துவிட்டார்.

அடுத்த நாள் அக்கா போன் செய்தாள். "என்னடி சொல்லித் தொலைச்சே? மனுஷன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். மிஷின் உண்டா, இல்லையா?"

"அதை அவர் சொல்வார்க்கா."

"அக்காகிட்டக்கூடச் சொல்லமாட்டியா?"

"உன்கிட்டச் சொல்ற விஷயம்னா அவரே சொல்வார்."

"பெரிய ஆலோசகர்!" என்று போனை வைத்துவிட்டாள் அக்கா. கூடப் பிறந்தவளும் போச்சு, அவள் புருஷனும் போச்சு என்று இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் கிண்டல் செய்வதைக்கூட நிறுத்திவிட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் பெரியக்காவிடமிருந்து போன் வந்தது. "மேடம், முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார். கோபமாத்தான் போனார்."

கோபத்தோடேயே அவர் அந்த வாரத்தை ஓட்டினார். முதல் சில நாள், திரும்பி வந்ததும் மாடிப்படியின் தலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டிகளைப் பார்த்தபடி நிற்பாராம். போன் அடிக்கும். உடம்பு துடிக்கும். இறங்கமாட்டார். ஆனால் வார்டுகளில் அவருக்கு ஏகப்பட்ட வரவேற்பு. நர்சுகள் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதோடு, தேவையே இல்லாமல் அலமாரியில் அடைத்துவைத்திருப்பதையும் வெட்கப்பட்டுக்கொண்டே காட்டினார்கள். நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் எடுத்து ஒளித்தவை அவை. வண்டிகள் நேரத்துக்கு வர ஆரம்பித்ததும் அவையும் வெளியே வந்தன. போன் தானாகவே குறைந்தது. வாரம் முடிவதற்குள் சுவரோரம் காலியாகிவிட்டது. மருத்துவமனை பழையபடியே தொடரச் சொல்லிவிட்டது. இயந்திரப் படங்கள் மேசையைவிட்டுப் போயின. வங்கிக்கு அறிக்கையும் போகவில்லை, வீட்டுப் பத்திரமும் போகவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தானின் நண்பர், ஐஸ் தொழிற்சாலை வைத்திருப்பவர், அவரும் வந்திருந்தார். எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. அத்தான் சாப்பிடுவதை மறந்து பேசிக்கொண்டிருந்தார்.

"நாமதான்யா தடை! நான் பாத்தேன், யோசிச்சேன், கண்டுபிடிச்சேன். ஓனர் கீழ இறங்கினா வேலை கெட்டது. இந்த ரகசியத்தை உனக்கு எந்தக் கன்சல்டன்ட்டும் சொல்லமாட்டான்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டு இருமினார். அக்கா தங்கையைப் பார்த்தாள். அவளோ பேச்சை ரசித்து, தலையை ஆட்டி, கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் தானே கண்டுபிடித்ததை மறுபடி கைவிடமாட்டார். அவளிடமிருந்து வாங்கிக்கொண்டது என்றால், ஒரு கோபம் வந்தாலே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"இப்போ கண்டிஷனாச் சொல்லிட்டேன்" என்றார் அத்தான். "வானமே இடிஞ்சு விழுந்தாலும் ஒரு வண்டிலேருந்து ஒரு துண்டைக்கூட யாரும் எடுக்கக் கூடாது."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "அத்தான், ஒரு பஸ் கவுந்து ஒரே நேரத்துல நிறையப் பேரைக் கொண்டுவந்து போட்டா?"

அத்தானின் கை பாதி வழியில் நின்றது. அவர் கூரையைப் பார்த்தார், ஐஸ்காரரைப் பார்த்தார், பிறகு முகம் மெல்ல மலர்ந்தது.

"அதுக்குத் தனியா வச்சுக்கணும். எந்த வண்டிக்கும் சேராததா, ஒரு வண்டி. எப்பவும் நிறைஞ்சு, லாரிக்குப் பக்கத்துலயே. அதுக்குன்னு கூப்பிட்டா மட்டும் போகும்." போனை எடுத்துவிட்டார். "பெரியக்கா, சாப்டாச்சா? ஒண்ணு தோணுச்சு, கேளுங்க..."

அது அவளுக்கும் தோன்றியிராத யோசனை. நல்ல யோசனை. அவள் மனசுக்குள் ஒருமுறை அதைத் தட்டிப் பார்த்தாள், எங்கேயும் ஓட்டை தெரியவில்லை.

அக்கா தங்கையின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "போதும்க்கா." "சாப்பிடுடி" என்று அதன்மேல் இன்னொரு கரண்டியும் வைத்தாள்.